காக்காவைக் கடிச்சிட்டான்: லைப்ரரில கைக்குழந்தைங்களுக்கு ஸ்டோரிடைம் நடத்தின கதை

முதல் நாள் நான் பிளான் பண்ணி வச்சிருந்தது 45 நிமிஷம், ஓடினது 12 நிமிஷம். பாட்டி வடை சுட்ட கதை. ஃபெல்ட் துணில காக்கா, நரி, மரம், வடைன்னு ராத்திரி 1 மணி வரைக்கும் உக்காந்து வெட்டி ஒட்டி, போர்டுல ஏத்தி, கூட ஆறு புத்தகம், ஒரு ஸ்லைடு ஷோ வேற. வந்தது 11 குழந்தைங்க, எல்லாமே ஒன்றரை வயசுக்குள்ள. பாட்டி அடுப்ப பத்த வைக்கிறதுக்குள்ள ஒண்ணு அழ ஆரம்பிச்சுது, அதப் பாத்து பக்கத்துல இருக்கறது, அதப் பாத்து அடுத்தது. பத்து மாசப் பையன் ஒருத்தன் மட்டும் தவழ்ந்து நேரா போர்டுகிட்ட வந்தான், பரவால்ல ஒருத்தனாவது கதை கேக்க வரானேன்னு நான் சந்தோஷப்பட்டு முடிக்கிறதுக்குள்ள காக்காவப் பிச்சு வாயில வச்சு கடிச்சிட்டான். அவங்க அம்மா பிடுங்க, அவன் வீல்னு கத்த, கதை அங்கயே முடிஞ்சுது. நரிக்கு வேலையே இல்லாம போச்சு.

நான் இருக்கறது அமெரிக்கால, நியூ ஜெர்சி. எங்க பக்கம் தமிழ்க் குடும்பங்க நிறைய. பப்ளிக் லைப்ரரில வாரா வாரம் பேபி ஸ்டோரிடைம் உண்டு, ‘லாப்சிட்’னு சொல்வாங்க, குழந்தைய மடில வச்சுக்கிட்டு உக்கார்றது. என் பொண்ணு நாலு மாசமா இருக்கறப்ப போக ஆரம்பிச்சேன். உண்மையச் சொன்னா அவளுக்காகப் போகல, வீட்டுக்குள்ளயே இருந்து எனக்கு மண்டை காஞ்சு போயிருந்துச்சு, நாலு மனுஷங்க முகத்தப் பாத்தா போதும்னு இருந்துச்சு. அவ ப்ரீஸ்கூல் போன பிறகு, இதையே தமிழ்ல ஒண்ணு நடத்தட்டுமான்னு கேட்டேன், குழந்தைங்க பிரிவு லைப்ரரியன் உடனே சரின்னு சொல்லி வியாழக்கிழமை காலைல ரூமும் குடுத்துட்டாங்க. அப்படி ஆரம்பிச்சதுதான் மேல சொன்ன கூத்து.

அன்னிக்கு எல்லாரும் போனதும் நான் போர்ட மடக்கிட்டு மூஞ்சி தொங்கி நிக்கறேன், அந்த லைப்ரரியன் (இருபது வருஷத்துக்கு மேல இதே வேலைல இருக்கறவங்க) சிரிச்சுக்கிட்டே வந்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "நீ இன்னிக்கு யாருக்காக பிளான் பண்ண?" குழந்தைங்களுக்குதான்னேன். அதான் தப்பு, உன் ஆடியன்ஸ் குழந்தை இல்ல, குழந்தைய வச்சிருக்கற ஆளு அப்படின்னாங்க. குழந்தை உன்கூட வாரத்துல 20 நிமிஷம் இருக்கும், மிச்ச நேரம் பூரா அவங்க வீட்டு ஆளுங்ககூடதான், அதனால அந்த ஆளு வீட்டுக்குப் போய் டயப்பர் மாத்தறப்பவோ குளிப்பாட்டறப்பவோ திரும்பச் செய்யற மாதிரி ஒண்ணு ரெண்டு விஷயம் கைல குடுத்து அனுப்பு, அது போதும். இத நான் புரிஞ்சுக்கவே ரெண்டு மாசம் ஆச்சு. புரிஞ்சதுக்கு அப்புறம் பிளான் போடற விதமே மாறிடுச்சு.

முதல்ல தூக்கிப் போட்டது தீம். இந்த வாரம் மிருகங்க, அடுத்த வாரம் பழங்க அப்படியெல்லாம் வச்சிருந்தேன். ஆறு மாசக் குழந்தைக்கு தீம் எதுக்கு? அதுக்கு வேண்டியது போன வாரம் கேட்டது இந்த வாரமும் வரணும். இப்ப என் செஷன்ல முக்கால்வாசி ஒவ்வொரு வாரமும் அதேதான். அதே வணக்கப் பாட்டு, அதே பை பை பாட்டு, நடுவுல ஒரு புதுசு, அவ்வளவுதான். அதுலயும் எந்தப் பாட்டையும் ஒரு தடவையோட விடறதில்ல, மூணு தடவை. முதல் தடவை பெரியவங்களுக்கே புரியாது, ரெண்டாவது தடவை கை பழகும், மூணாவதுலதான் குழந்தை முகத்தப் பாக்க ஆரம்பிப்பாங்க.

திரும்பத் திரும்ப கேக்கறது குழந்தைக்கு சலிக்காதான்னு ஒரு அப்பா கேட்டார். எனக்கும் முன்னாடி அந்த சந்தேகம் இருந்துச்சு. 1986ல டிகாஸ்பர், ஸ்பென்ஸ்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, கர்ப்பமா இருக்கறவங்கள கடைசி ஆறு வாரம் ஒரே கதைப் பகுதிய தினமும் ரெண்டு தடவை சத்தமா படிக்க வச்சு, குழந்தை பொறந்ததும் அதையும் புதுசா ஒண்ணையும் கேக்க வச்சா, பொறந்து ரெண்டு மூணு நாளே ஆன குழந்தைங்க பழைய பகுதிதான் கேக்கணும்னு அதுக்கேத்த மாதிரி ரப்பர் நிப்பிள சப்பற விதத்தையே மாத்திக்கிச்சுங்க. வயித்துக்குள்ள கேட்டதையே திரும்பக் கேக்கப் பிடிக்குதுன்னா நாலாவது வாரமும் அதே பாட்டு வந்தா என்ன குறைஞ்சு போகுது. சலிப்பெல்லாம் நமக்குதான். சத்தியமா எனக்கு சலிக்கும், அந்த வணக்கப் பாட்டு ராத்திரி கனவுல எல்லாம் வருது.

அடுத்தது நேரம். 10:30க்கு ஆரம்பிச்சா 10:52க்கு முடிச்சிடுவேன். காலைத் தூக்கத்துக்கும் மத்தியானத் தூக்கத்துக்கும் நடுவுல விழுற நேரம் அது. முதல் அஞ்சு நிமிஷம் யார் வந்தாலும் வரட்டும்னு குழந்தைங்க பேரச் சொல்லி ஒவ்வொருத்தருக்கா வணக்கம் பாடுவோம், லேட்டா வர்றவங்க கூச்சப்படாம வந்து உக்காந்துக்கலாம். அப்புறம் மடில வச்சு ஆட்டறது ரெண்டு, ஒரு புத்தகம், தொட்டு விளையாடறது ஒண்ணு, எழுந்து நின்னு தூக்கி இறக்கறது ஒண்ணு, கிலுகிலுப்பை, கடைசில சோப்பு முட்டை. முட்டை ஊதறப்ப அழுதுக்கிட்டிருக்கற குழந்தை கூட நிறுத்திட்டு மேல பாக்கும். அது சும்மா வேடிக்கை இல்ல, அசையற பொருள் பின்னாடியே கண்ணு போற பழக்கத்துக்கு அதவிட நல்ல பயிற்சி கிடையாது. அத முடிச்சதும் அரை மணி நேரம் தரையில பொம்மைங்களப் போட்டு விட்டுடுவோம், பெரியவங்க பேசிக்கட்டும்னு. ராத்திரி தூங்கல, திடச்சாப்பாடு எப்ப குடுக்கறது, மாமியாருக்கும் எனக்கும் இதுல சண்டைன்னு எல்லாம் வெளிய வர்றது அப்பதான். என்னைக் கேட்டா 22 நிமிஷத்தவிட அந்த அரை மணிதான் முக்கியம்.

எனக்குக் குழந்தை இல்லாத மடி இல்லையா, அதனால ஒரு பெரிய பொம்மைய மடில வச்சுக்கிட்டு செஞ்சு காட்டுவேன். முதல்ல கேவலமா இருந்துச்சு. ஆனா பொம்மை இல்லாம ‘கழுத்தப் பிடிச்சுக்கோங்க, இப்படி சாயுங்க’ன்னு வாயால சொன்னா யாருக்கும் புரியறதில்ல. வேற யாரோட குழந்தையையும் வாங்கி டெமோ காட்ட மாட்டேன், அது அழுதுச்சுன்னா அந்த அம்மாவுக்கு வருத்தம், சிரிச்சுச்சுன்னா அத விட வருத்தம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். என்ன பாட்டு, என்ன விளையாட்டுன்னு தேடறப்ப நான் முதல்ல இங்கிலீஷ் ரைம்ஸ தமிழ்ல மாத்திப் பாத்தேன். ஒட்டவே இல்ல, மெட்டு ஒரு பக்கம் இழுக்குது வார்த்தை ஒரு பக்கம் இழுக்குது. நாலாவது வாரம் ஒரு பாட்டி வந்தாங்க, விருதுநகர் பக்கம், பேரன் பொறந்ததுக்கு ஆறு மாசம் இருக்க வந்தவங்க. மருமக கீழ உக்காந்திருக்கா, இவங்க முட்டி வலின்னு ஓரமா நாற்காலில. (ஒரு நாலு நாற்காலியாவது போட்டு வைங்க, எல்லாரும் தரையிலதான் உக்காரணும்னு வச்சீங்கன்னா தாத்தா பாட்டி வர மாட்டாங்க.) நான் ஏதோ ஒரு விரல் விளையாட்டு சொல்லிக் குடுத்து யாருக்கும் வராம திணறிக்கிட்டிருக்கேன், அவங்க மெதுவா "ஏம்மா, பருப்பு கடையத் தெரியாதா உனக்கு?"ன்னாங்க.

தெரியும். எனக்கு ஏன் தோணல?

பேரன வாங்கி மடில வச்சு, அவன் உள்ளங்கைய விரிச்சு முழங்கையால கடைஞ்சு, ஒவ்வொரு விரலா மடக்கி அம்மாவுக்கு அப்பாவுக்கு தாத்தாவுக்குன்னு பங்கு வச்சு, மிச்சத்த வழிச்சு ஊத்தி, அப்புறம் ரெண்டு விரலால நண்டு மாதிரி மணிக்கட்டுலேர்ந்து மெதுவா ஏறி... முழங்கை மடிப்புல நின்னுட்டாங்க. பேரன் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க. அவன் மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கிட்டு கண்ண விரிச்சு பாக்கறான், ரூமே பாக்குது. அப்புறம்தான் அக்குள்ல கிச்சுகிச்சு. அவன் சிரிச்ச சிரிப்புல பக்கத்துல இருந்த குழந்தை எல்லாம் சிரிச்சுது. நான் காக்காவ ஒட்டிக்கிட்டு ராத்திரி முழிச்சதெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு.

அந்த ஒரு நிமிஷத்துல எத்தனை விஷயம் இருக்குன்னு அப்புறம் உக்காந்து யோசிச்சேன். பாட்டி முகம் பேரன் முகத்துலேர்ந்து ஒரு அடி தூரம், பொறந்த குழந்தைக்கே கிட்டத்தட்ட 20லேர்ந்து 30 சென்டிமீட்டர்ல இருக்கறதுதான் நல்லா தெரியும், மடி தூரம்தான் அது. கைல தொடறது, ஒவ்வொரு விரலா தனித்தனியா மடக்கறது, சொந்தக்காரங்க பேரு, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணுங்கற வரிசை. இதுல எல்லாத்தையும்விட அந்த நிறுத்தம். ஹார்வர்டுல குழந்தை வளர்ச்சி மையம் ஒண்ணு இருக்கு, அவங்க இத டென்னிஸ்ல பந்து போட்டுத் திருப்பி அடிக்கற மாதிரின்னு சொல்வாங்க, குழந்தை ஒரு சத்தமோ பார்வையோ போடும், நாம பதில் குடுக்கணும், நாம ஒண்ணு போட்டா அது பதில் போடற வரைக்கும் காத்திருக்கணும், மூளைல இணைப்பு கூடறது இதுலதான். நம்ம ஆளுங்களுக்கு வராதது காத்திருக்கறதுதான். ‘சிரி சிரி சிரி, மாமாவப் பாரு, சொல்லு தாத்தா சொல்லு’ன்னு மூச்சு விடாம பேசுவோம். இப்ப நான் செஷன்ல சத்தமாவே சொல்றேன், இங்க நிறுத்துங்க, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, குழந்தை என்ன பண்ணுதுன்னு பாருங்க. கால உதைக்கும், நாக்க நீட்டும், ‘ஆ’ங்கும், அதுதான் பதில்.

அன்னிலேர்ந்து பிளான் பூரா நம்ம சரக்குதான். சாஞ்சாடறது, கைவீசறது, தோள்ல உப்பு மூட்டை, கால்மேல வச்சு ஊஞ்சல் ஆட்டறது, நிலாவக் காட்டறது. ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு வெர்ஷன், கோயம்புத்தூர்க்காரங்க பருப்ப ஒரு மாதிரி பங்கு போட்டா யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க வேற மாதிரி பாடறாங்க, எது கரெக்ட்னு ஒரு தடவை பெரிய வாக்குவாதமே ஆயிடுச்சு. எல்லாமே கரெக்ட், உங்க வீட்டுல உள்ளதப் பாடுங்கன்னு முடிச்சேன்.

இன்னொரு ஆச்சரியம், வயசு வாரியா பிரிக்கறதுக்கு நான் இங்கிலீஷ் சார்ட் எல்லாம் தேடிக்கிட்டிருந்தப்ப பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைத்தமிழ் ஞாபகம் வந்துச்சு. அஞ்சாம் மாசம் செங்கீரை, அதாவது கைய தரையில ஊணி தலையத் தூக்கி ஆடறது. ஒன்பதாம் மாசம் சப்பாணி, கை தட்டறது. பதினொண்ணுல முத்தம். ஒரு வயசு தாண்டினா வருகை, தளர்நடை போட்டு வர்றது. அப்புறம் அம்புலி, நிலாவக் காட்டிக் கூப்பிடறது, இப்ப சைக்காலஜில ரெண்டு பேரும் ஒரே பொருளப் பாக்கறது, விரல் நீட்டிக் காட்டறதுன்னு தனிப் பாடமே எடுக்கறாங்களே அது. நூலுக்கு நூல் மாசக் கணக்கு முன்னப்பின்ன இருக்கும், ஆனா குழந்தைய உக்காந்து நல்லா கவனிச்சுதான் எழுதியிருக்காங்க. இப்ப என் நோட்டுல ஒவ்வொரு விளையாட்டுக்கும் ரெண்டு விதம் எழுதி வச்சிருக்கேன், செங்கீரைக்காரங்களுக்கு ஒண்ணு, சப்பாணிக்காரங்களுக்கு ஒண்ணு. மூணு மாசக் குழந்தைக்கு அம்மா அதோட கையப் பிடிச்சு தட்டி விடுவாங்க, பத்து மாசம் தானா தட்டும், ஒரே பாட்டு. குப்புறப் படுக்க வச்ச குழந்தைக்கு முன்னாடி அட்டைப் புத்தகத்த விரிச்சு கூடாரம் மாதிரி நிக்க வச்சா தலையத் தூக்கிப் பாக்கும், இது செங்கீரை கேஸுங்களுக்கு.

புத்தகம்னதும் ஞாபகம் வருது. தமிழ்ல கைக்குழந்தைக்கான கெட்டி அட்டைப் புத்தகம் இங்க கிடைக்கறது கஷ்டம். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு கருப்பு வெள்ளைதான் பளிச்சுனு தெரியும்னு லைப்ரரியன் சொன்னாங்க, அதுக்குன்னே தனியா புத்தகம் விக்கறாங்க. நான் என்ன பண்ணேன், கருப்பு அட்டை வாங்கி வெள்ளை மார்க்கர்ல அஞ்சு புள்ளிக் கோலம், சிக்குக் கோலம், ஒரு தாமரைன்னு போட்டு லேமினேட் பண்ணி மூலைய வட்டமா வெட்டிட்டேன். ரெண்டு மாசக் குழந்தைங்க கோலத்த வச்ச கண்ணு வாங்காம பாக்குதுங்க. அம்மாக்கள் கோலம் போட்டே பல வருஷம் ஆச்சுன்னு அவங்களும் வச்ச கண்ணு வாங்கல. புத்தகத்த கடைசி வரைக்கும் வாசிக்கணும்னு ஒண்ணும் இல்ல. ரெண்டு பக்கம் பாத்துட்டு மூணாவது பக்கத்த சப்பினா சப்பட்டும், அதுக்கு அதான் வாசிப்பு. லைப்ரரில ஒவ்வொரு செஷனுக்கு அப்புறமும் எல்லாத்தையும் துடைச்சு வச்சுடுவோம்.

கிலுகிலுப்பைல ஒரு தடவை மாட்டிக்கிட்டேன். காசு மிச்சம் பண்ணலாம்னு சின்ன பாட்டில்ல பாசிப்பயறு போட்டு மூடி ஒட்டி எடுத்துட்டுப் போனேன். ஒட்டினது விட்டுப் போய் கார்ப்பெட் பூரா பயறு, தவழற குழந்தை ஏழெட்டு, ஒவ்வொண்ணும் பொறுக்கி வாய்க்கு கொண்டு போகுது. அம்மாக்கள் எல்லாம் வாயில விரல விட்டுத் துழாவறாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா எனக்கு அன்னிக்கு கை நடுக்கம் நிக்கவே இல்ல. அதுக்கப்புறம் ஒரே விதி, டாய்லெட் பேப்பர் சுத்தியிருக்கற அட்டைக் குழாய்க்குள்ள போற எதுவும் அந்த ரூமுக்குள்ள வரக்கூடாது. பலூனும் கூடாது. பழைய பட்டுப் புடவை, மெல்லிசு துப்பட்டா இதெல்லாம் கைக்குட்டை சைஸுல வெட்டி ஓரம் அடிச்சு வச்சுக்கிட்டா முகத்த மூடித் திறக்கற விளையாட்டுக்கு அருமையா இருக்கும். எட்டு மாசம் சுமாருக்கு மறைஞ்சு போன பொருள் அங்கயேதான் இருக்குன்னு புரிய ஆரம்பிக்கற சமயம், துணிய தானே இழுத்துட்டு அம்மாவக் கண்டுபிடிச்ச குழந்தை முகத்தப் பாத்தா தெரியும்.

பெத்தவங்க அடிக்கடி கேக்கற கேள்வி ரெண்டு. ஒண்ணு, இதுக்கு எதுக்கு லைப்ரரி வரணும், யூடியூப்ல தமிழ்ப் பாட்டு போட்டு விட்டா போதாதா? போதாது. 2003ல பாட்ரிசியா குல் குழுவினர் அமெரிக்காவுல ஒன்பது மாசக் குழந்தைங்களுக்கு 12 தடவை சீன மொழி பேசறவங்கள நேர்ல விளையாட விட்டாங்க, குழந்தைங்க அந்த மொழியோட ஒலிய பிரிச்சு கேக்கக் கத்துக்கிச்சுங்க, வேற குழந்தைங்களுக்கு அதே ஆளுங்களை வீடியோவுல காட்டினப்ப ஒண்ணுமே ஏறல. இங்க குழந்தை டாக்டர்கள் சங்கமும் 18 மாசத்துக்குள்ள ஸ்கிரீன் வேண்டாம், வீடியோ கால் மட்டும் பரவால்லன்னுதான் சொல்லுது. அதனால ஊர்ல இருக்கற பாட்டிகூட வீடியோ கால் பேசறதுக்கு யாரும் குத்த உணர்ச்சி பட வேண்டாம்.

ரெண்டாவது, ரெண்டு மொழி பேசினா குழந்தைக்கு பேச்சு லேட்டாகுமா? ஆகாது. ரெண்டு மொழியில வார்த்தைங்க பிரிஞ்சு இருக்கும், ரெண்டையும் சேத்து எண்ணணும், அவ்வளவுதான். உண்மைல அவசரம் வேற பக்கம் இருக்கு. 1984ல வெர்க்கர், டீஸ்னு ரெண்டு பேர், இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைங்க ஆறேழு மாசத்துல இந்தியோட ரெண்டு விதமான ‘ட’கர ‘த’கர ஒலிய சுலபமா பிரிச்சு கேக்குதுங்க, ஒரு வயசு நெருங்கறப்ப அந்தத் திறமை காணாம போகுதுன்னு காட்டினாங்க. நமக்கும் அதே த, ட இருக்கு, அது போக ல ள ழ வேற. இங்க வளர்ற அஞ்சு வயசுப் பசங்களுக்கு ‘ழ’ வரலன்னு தமிழ்ப் பள்ளில உக்காத்தி வச்சு மல்லுக்கட்டறோம். மடில இருக்கறப்பவே ‘பழம்’, ‘மழை’, ‘குழந்தை’ன்னு இழுத்து இழுத்து கொஞ்சிப் பேசினா காதாவது பழகியிருக்கும். கொஞ்சுமொழிய நிறைய பேர் கேலி பண்றாங்க, பண்ணாதீங்க, அந்த இழுத்த, குரல் ஏறி இறங்கற பேச்சத்தான் குழந்தைங்க நல்லா கவனிக்குதுங்க.

இந்த மாதிரி தகவல் எல்லாம் ஒரு செஷனுக்கு ஒண்ணுதான் சொல்வேன், அதுவும் ஒரு வாக்கியம், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல. முன்னாடி நாலஞ்சு சொல்லிப் பாத்தேன், கிளாஸ் எடுக்கற மாதிரி ஆயிடுச்சு, எல்லாரும் போன எடுத்துட்டாங்க. போன் பாக்கறவங்கள திட்டறதுல பிரயோஜனம் இல்ல, ரெண்டு கையும் வேலையா இருக்கற விளையாட்ட குடுத்துட்டா போன் தானா பைக்குள்ள போயிடும்.

ஒரு விஷயத்துல மட்டும் நான் ரொம்ப ஜாக்கிரதை. ‘இந்த வயசுக்கு இது பண்ணணும்’னு பொதுவுல சொல்ல மாட்டேன். ஒரு தடவை வாய்தவறி ‘ஆறு மாசம்னா இப்ப உருண்டிருக்கணும்’னு சொல்லிட்டேன், ஒரு அம்மாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு. அவங்க குழந்தை ரெண்டு மாசம் முன்னாடியே பொறந்தது, அதுக்கு பொறந்த தேதிய வச்சு எண்ணக்கூடாது, பொறக்க வேண்டிய தேதிய வச்சுதான் எண்ணணும். அன்னிக்கு மன்னிப்பு கேட்டேன், இப்பவும் நினைச்சா ஒரு மாதிரியா இருக்கும். நிஜமாவே கவலை இருக்கறவங்களுக்கு, மூணு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்கு எர்லி இன்டர்வென்ஷன்னு அரசாங்கத் திட்டம் இருக்கு, பரிசோதனை இலவசம், டாக்டர் சீட்டு இல்லாமலே பெத்தவங்களே கூப்பிடலாம்னு தனியா கூப்பிட்டு சொல்வேன். அதோட துண்டுச்சீட்டு கதவு பக்கத்துல இருக்கும், வேணுங்கறவங்க யாரும் பாக்காதப்ப எடுத்துக்குவாங்க.

விருதுநகர் பாட்டி ஆறு மாசம் முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாங்க. போன வியாழக்கிழமை மருமக மட்டும் பேரனோட வந்திருந்தா, பையனுக்கு இப்ப பதினொரு மாசம். நான் இன்னும் பாட்டே ஆரம்பிக்கல, கோல அட்டைய எடுத்து வச்சுக்கிட்டிருக்கேன், அவன் தவழ்ந்து வந்து என் முன்னாடி உக்காந்து உள்ளங்கைய விரிச்சு நீட்டினான். நான் பருப்பு கடைஞ்சு, பங்கு வச்சு, நண்ட முழங்கை வரைக்கும் ஏத்தி நிறுத்தினேன். அவனால அஞ்சு எண்ற வரைக்கும் பொறுக்க முடியல, என் கையப் பிடிச்சு அவனே அக்குளுக்கு இழுத்துக்கிட்டான்.

மருமக அத வீடியோ எடுத்திருந்தா. ஊர்ல அப்ப ராத்திரி எட்டு மணி தாண்டியிருக்கும், லைப்ரரிலேர்ந்தே பாட்டிக்கு அனுப்பிட்டா.